லில்லி போட்ட குட்டிகளுக்கு அப்பன் யார்?

1. தெர்மாமீட்டர் வைக்காத காலை

குட்டி படுத்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒருக்களித்து விழுந்து, தலை பின்பக்கம் வளைந்து, நான்கு கால்களும் சைக்கிள் மிதிப்பது போல விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. விழிகள் இடமும் வலமும் துடித்தன. பக்கத்தில் இன்னொரு குட்டி தள்ளாடிப் போய்ச் சுவரில் முட்டி, முட்டிய இடத்திலேயே நின்றது. இரண்டுமே பால் மறக்கடித்து மூன்று நாள் ஆன குட்டிகள்.

எண்பதுகளின் நடுவில், தொப்பூர் கணவாய்க்குக் கீழே ஒரு கிராமத்தில் நடந்தது இது. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. என்னைத் திட்டுவதற்கு உரிமையுள்ளவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் நான் டாக்டர். பெண் டாக்டர் என்று முதல் வருடம் மாட்டைக்கூட எனக்குக் காட்டாமல் ஓட்டிப் போனார்கள். மூன்றாம் வருடம் பன்றிக்கும் என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்த காலம்.

பன்றிகள் சவரிமுத்து, ஞானம்மா தம்பதியுடையவை. சவரிமுத்து லாரியில் கிளீனராக இருந்தவர். கணவாயில் லாரி கவிழ்ந்து வலது கால் நொறுங்கி, கம்பி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு யார்க்‌ஷயர் வெள்ளைப் பன்றி வாங்கித் தரச் சொல்லிச் சிபாரிசு செய்தவள் நான்தான். ராஜா என்று ஒரு கெடா. இப்போது பட்டியில் அதோடு இருந்தவை லில்லி, ரோசி, டெய்சி, புளோரா என்று நான்கு தாய்ப்பன்றிகள். நான்கும் ஒரே வாரத்தில் குட்டி போட்டிருந்தன.

"ராத்திரி நல்லாத்தாங்க இருந்துது. விடியக் காலையில பாத்தா இப்படி இழுக்குதுங்கம்மா" என்றார் ஞானம்மா.

"என்ன தீனி வெச்சீங்க?"

"எப்பவும் போல ஓட்டல் கழனிதாங்க."

பெங்களூர் ரோட்டோரத்து ஓட்டல்களின் மிச்சம்தான் அவர்களுக்குத் தீனி. சாம்பார், ஊறுகாய், உப்புக் கரைந்த தண்ணீர் எல்லாம் அதில் கிடக்கும். உப்பு அதிகமானால் பன்றிக்கு இதேபோல் வலிப்பு வரும் என்று படித்திருந்தேன். அது போதும் எனக்கு. "உப்பு விஷம். கழனியை நிறுத்துங்க, கொஞ்சம் கொஞ்சமா நல்ல தண்ணி குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

பையில் தெர்மாமீட்டர் இருந்தது. வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். உப்பு விஷத்தில் காய்ச்சல் இருக்காது, மூளையில் கிருமி புகுந்தால் காய்ச்சல் கொதிக்கும். அந்த இரண்டு நிமிடம் எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கும். ஆனால் ரோட்டில் என் மேலதிகாரி ஏ.டி. சாரின் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அன்று பக்கத்து ஊரில் காயடிப்பு முகாம்.

2. கழுத்தில் மெடல் கட்டிய கெடா

வெள்ளைப் பன்றி வளர்க்கும் ஊர்களில் நாட்டுக் கருப்புக் கெடா ஒன்றுகூட விதையோடு இருக்கக் கூடாது, இருந்தால் கலப்பாகிவிடும் என்பது மேலிடத்து உத்தரவு. எனக்கும் அதில் முழு நம்பிக்கை. எங்கள் பகுதியில் காயடித்த கணக்கு என்னுடையதுதான் அதிகம். நான் டீக்கடைப் பக்கம் போனால், "டாக்டரம்மா வர்றாங்க, ஆம்பளைங்க எல்லாம் ஓடுங்கடா" என்று கிண்டல் செய்வார்கள். நானும் சிரிப்பேன், உள்ளுக்குள் பெருமையாகவே இருக்கும்.

அன்று முகாமுக்குக் கடைசியாக ஒரு கெடா வந்தது. காட்டோரத்திலிருந்து அந்தோணிசாமி என்பவர் ஓட்டி வந்தார். கருகருவென்று, பிடரி மயிர் சிலிர்த்து, நல்ல வாலிபக் கெடா. கழுத்தில் சிவப்புக் கயிறு, அதில் ஒரு மெடல். அதை நான்கு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். நான் கத்தியை எடுத்து நிமிர்ந்தபோது அந்தோணிசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்களையா அறுக்கப் போறேன்?" என்றேன். கூட்டம் சிரித்தது. ஏ.டி. சாரும் சிரித்தார். அந்தோணிசாமி மட்டும் சிரிக்கவில்லை. வேலையை முடித்து, டிங்க்சர் தடவி, ரிஜிஸ்டரில் ஒரு கோடு போட்டேன்.

அந்த மெடல் என்ன என்று நான் கேட்கவில்லை.

3. மண்டை ஓட்டுக்குள்

இரண்டு நாளில் ரோசி, டெய்சி, புளோரா மூன்றின் குட்டிகளிலுமாகச் சேர்த்து எட்டு செத்துப் போயின. பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி நானே போட்டிருந்தேன், அது இல்லை. மூன்றாம் நாள்தான் வெட்கத்தை விட்டுத் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றாறைத் தாண்டி நின்றது. உப்பு விஷம் இல்லை, கிருமி.

அப்போதுதான் செத்த ஒரு குட்டியின் மண்டையை ரம்பத்தால் அறுத்துத் திறந்தேன். மூளையை மூடியிருக்கும் சவ்வு தெளிவாக, கண்ணாடித் தாள் போல இருக்க வேண்டும். இதில் கஞ்சியின் மேல் ஆடை படிந்தது போலக் கலங்கிக் கிடந்தது. ரத்தக்குழாய்கள் சிவந்து புடைத்திருந்தன. மூளைச்சவ்வுக் காய்ச்சல். சந்தேகமே இல்லை.

இங்கே இளைய டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. அன்று நான் கையுறை இல்லாமல் அதைச் செய்தேன். இந்த வகைக் கிருமி பன்றியிலிருந்து மனிதனுக்கும் தொற்றும், உயிர் பிழைத்தாலும் காது போய்விடும் என்று பல வருடம் கழித்துப் படித்தேன். படித்த அன்றைக்கு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். நீங்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

சாம்பிளை ஐஸ் போட்ட பிளாஸ்கில் அடைத்தோம். சவரிமுத்து அதை மடியில் வைத்துக்கொண்டு, கம்பி வைத்த காலோடு மொரப்பூர் போய், ரயில் ஏறி மெட்ராஸ் லேபில் கொடுத்துவிட்டு வந்தார். பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. மருந்தகத்தில் இருந்த பென்சிலின் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய், காலையும் மாலையும் ஊசி போட்டேன். காது துடிக்க ஆரம்பித்ததுமே போட்ட குட்டிகள் பிழைத்தன. விழுந்து இழுக்க ஆரம்பித்த பிறகு போட்டவை பெரும்பாலும் போய்விட்டன. முதல் நாள் காலையிலேயே ஆரம்பித்திருந்தால் என்ற கணக்கை நான் இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தந்தி வந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ். நான் நினைத்ததுதான்.

அந்த மூன்று தாயின் இருபத்தேழு குட்டிகளில் பதினான்கு போய்விட்டன. பிழைத்த ஒன்றிரண்டுக்குத் தலை ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. சவரிமுத்து என்னிடம் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சனிக்கிழம சேலத்துல இருந்து கறிக்கடைக்காரர் வர்றாருங்கம்மா. எல்லாத்தையும் ஏத்தி வுட்டுர்றேன். நான் மறுக்கா லாரிக்கே போயிர்றேன்."

"இந்தக் காலோடவா?"

"கால் நல்லா இருந்தப்பயும் லாரி கவுந்துதுங்களே."

ஞானம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கணவாயில் லாரி கவிழ்ந்த செய்தி வந்த அன்று அவர் ரோடு வரை ஓடிய கதை ஊருக்கே தெரியும்.

அன்று செவ்வாய்க்கிழமை.

4. நீலப் புள்ளி

எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது ஒன்று. லில்லியின் ஒன்பது குட்டிகளில் ஒன்றுக்குக்கூட எதுவும் வரவில்லை. அதே பட்டி, அதே தொட்டி, அதே கழனி. இந்தக் கிருமி நன்றாக இருக்கும் தாய்ப்பன்றியின் மூக்கிலும் தொண்டையிலுமே குடியிருக்கும். குட்டிகளுக்கு அங்கிருந்துதான் ஒட்டும். பால் மறந்த அதிர்ச்சியில் உடம்பு தளரும்போது ரத்தத்தில் இறங்கி மூளைக்குப் போகும். எல்லாக் குட்டியிடமும் கிருமி இருந்திருக்கும். மூன்று தாயின் குட்டிகளை அடித்தது, நான்காவது தாயின் குட்டிகளை ஏன் விட்டது?

கேஸ் ஷீட்டின் பின்பக்கம் வம்ச வரிசை எழுதிப் பார்த்தேன். நான்கு தாய்களும் அக்கா தங்கைகள். நான்குக்கும் அப்பன் ராஜா. நான்கு ஈற்றுக்கும் அப்பன் மறுபடியும் ராஜா. இனப்பெருக்க ரிஜிஸ்டரில் என் கையெழுத்திலேயே இருந்தது. அப்பனை மகள்களோடு சேர்க்கச் சொன்னவள் நான்தான். நீளமான உடம்பு, பெரிய தொடை, அந்தக் குணம் தங்க வேண்டும் என்று ஆசை. நல்ல குணம் தங்கும்போது பலவீனமும் இரட்டிப்பாகத் தங்கும் என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருந்தேன், பட்டியில் மறந்துவிட்டேன்.

ஆனாலும் லில்லியின் குட்டிகள் ஏன் தப்பின என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை. காகிதத்தில் நான்கும் ஒன்றேதான்.

புதன்கிழமை ஞானம்மா குட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நனைந்த வெள்ளை முடி உடம்போடு ஒட்டியபோது லில்லியின் குட்டி ஒன்றின் காதுக்குப் பின்னால் நீலமாக ஒரு புள்ளி தெரிந்தது. மை சிந்திய மாதிரி. அடுத்த குட்டியைப் பிடித்து நனைத்தேன். இடுப்பில் இரண்டு. மூன்றாவதுக்கு வயிற்றில். ரோசியின் குட்டியை நனைத்துப் பார்த்தேன். சுத்தமான இளஞ்சிவப்புத் தோல்.

வெள்ளைப் பன்றியின் நிறம் மற்ற நிறத்தை அமுக்கிவிடும். கருப்பும் வெள்ளையும் சேர்ந்தால் குட்டி வெள்ளையாகத்தான் பிறக்கும். ஆனால் தோலில் இப்படி நீலப் புள்ளி சில குட்டிகளில் எட்டிப் பார்க்கும். அதனால்தான் எட்டு வாரமாக எனக்குத் தெரியவில்லை.

"ஞானம்மா, லில்லி குட்டிங்களுக்கு அப்பன் யாருங்க?"

"ராஜாதாங்க." குரல் கம்மியது.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னாத்தான் சனிக்கிழமைக்குள்ள ஏதாவது பண்ண முடியும்."

அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். பிறகு ஒரே மூச்சாக வந்தது.

"அப்பனுக்கே மவளைச் சேக்கறதாங்கன்னு அன்னைக்கே உங்ககிட்ட கேட்டேன். பன்னிக்கு ஏதும்மா மொறைன்னு சிரிச்சீங்க. மத்த மூணுக்கும் நீங்களே நின்னு சேத்து வுட்டீங்க. லில்லி பருவத்துக்கு வந்தப்ப நீங்க ட்ரெய்னிங் போயிட்டீங்க. எனக்கு மனசு ஒப்பலீங்க. எங்கண்ணன் வூட்டுல கருப்பன்னு ஒரு கெடா, அங்க ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து நீங்க கேட்டீங்க, ராஜான்னேன். நீங்களும் எழுதிக்கிட்டீங்க."

ஆமாம், சிரித்தேன். எனக்கு நன்றாக நினைவிருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பது போலப் பேசுகிறாரே என்று ஆபீஸில் போய்ச் சொல்லியும் சிரித்திருந்தேன்.

"இப்ப ரோசி பருவத்துல இருக்குது. நேத்து சாயங்காலத்துல இருந்து நிக்குது" என்றார் ஞானம்மா. "கருப்பனுக்கு ஓட்டிக்கிட்டுப் போவட்டுங்களா? ரோசி செனையாயிட்டா எங்க வூட்டுக்காரரு மனசு மாறுவாருங்க. செனைப்பன்னிய கறிக்குக் குடுக்க மாட்டாரு."

பருவம் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். ஒரு நாள் போய்விட்டது. "இப்பவே போலாம். எங்க இருக்கறாரு உங்கண்ணன்?"

"காட்டோரங்க. அந்தோணிசாமின்னு பேரு."

நான் அங்கேயே தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

5. வெறுங்கை

கருப்பன் வேலமரத்தடியில் படுத்திருந்தது. புண் காய்ந்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசியிருந்தது. கழுத்தில் அதே சிவப்புக் கயிறு. அந்தோணிசாமி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஞானம்மாதான் கெடாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எப்பண்ணா?" என்றார்.

"முகாம் அன்னைக்கு. நாட்டுக் கெடா வெச்சிருக்கறவன் வூட்டுக்கு அரசாங்கத்து வெள்ளப்பன்னி கெடையாதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

"அது அந்தோணியாருக்கு நேந்தது இல்லையாண்ணா!"

வனத்து அந்தோணியார் திருநாளில், ஜனவரியில், அந்தப் பக்கத்துக் கோயிலில் ஆடு மாடு பன்றிகளைப் புனித நீர் தெளித்து மந்திரிப்பார்கள். ஊரில் ஒரு கெடாவை அவருக்கென்று நேர்ந்து, மெடல் கட்டி, கத்தி படாமல் விடுவது வழக்கமாம். ஊர்ப் பன்றிகளுக்கெல்லாம் வெளியிலிருந்து ஒரு ரத்தம் எப்போதும் இருக்க அதுவே வழி. இதையெல்லாம் ஞானம்மா அழுதுகொண்டே சொன்னார். அறுத்த கை என்னுடையது.

லில்லியின் ஆண் குட்டிகள் மூன்று இருந்தன, ஆனால் அவை எட்டு வாரக் குட்டிகள். பெரிதானாலும் ரோசிக்கு ஆகாது. "அக்கா மவன்னா மவன் மொறைங்க" என்று ஞானம்மா சொன்னபோது இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

வேறு கெடா வேண்டும். வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். ஒரு ஊர், இரண்டு ஊர், மூன்று ஊர். வேடிக்கையைப் பாருங்கள். மூன்று வருடமாகக் கத்தியோடு அலைந்தவள், விதையுள்ள கெடா ஒன்று இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டால் யார் சொல்வார்கள்?

"இங்க ஒண்ணும் இல்லீங்கம்மா. எல்லாத்தையும் நீங்களே காயடிச்சிட்டீங்களே."

"நான் காயடிக்க வரலீங்க. சேர்க்கறதுக்குத்தான் கேக்கறேன்."

"அதாங்க. இல்லீங்க."

ஒரு வீட்டின் பின்னால் கெடா உறுமும் சத்தம் எனக்கே கேட்டது. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தபடியே, "அது வெறும் பொட்டைங்கம்மா" என்றார். அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. மதியம் ஆகிவிட்டது. பட்டியில் ரோசி இன்னும் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று தெரியாது. நான் ஊர்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினேன், அழுதது தெரியக் கூடாது என்று.

அப்போது பஸ்ஸிலிருந்து அந்தோணிசாமி இறங்கினார். தங்கச்சி அனுப்பினாளாம். என்னைக் கூட்டிக்கொண்டு அதே உறுமல் வீட்டுக்குப் போனார்.

"மாமா, கெடாவ எடுங்க."

"டேய், இந்தம்மாவையா இட்டுக்கிட்டு வர்ற? உன்னுதையே அறுத்துட்டாங்களேடா."

"அறுத்துட்டாங்க. இன்னைக்குப் பாருங்க, பைய எடுத்துக்கிட்டு வரல. வெறுங்கையோட வந்துருக்கறாங்க."

நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, தானாகவே விரிந்தது. அந்த மனிதர் என் உள்ளங்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தட்டிக் கதவைத் திறந்தார்.

மூன்று மைல் தூரம் கெடாவை ஓட்டி வந்தோம். பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டோம். ரோசியின் முதுகில் கையை அழுத்தினேன். அசையாமல் நின்றது. பருவம் இன்னும் இருந்தது.

சனிக்கிழமை வந்த கறிக்கடைக்காரர் ராஜாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்.

6. எட்டாவது வாரம்

நடந்ததையெல்லாம் நான் எழுதி அனுப்பிய ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ஏ.டி. சார் கூப்பிட்டார். "ஏம்மா, நாமளே காயடிக்கச் சொல்லிட்டு நாமளே கெடா தேடிக்கிட்டு அலையறதா? மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க சார்." அவர் பேப்பரை மடித்து டிராயரில் போட்டார். அந்த ரிப்போர்ட் மேலே போகவே இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் என் பகுதியில் முகாம் நடத்தச் சொல்லி அவர் வற்புறுத்தவும் இல்லை.

ரோசி பதினோரு குட்டி போட்டது. பால் மறக்கடித்த நாளிலிருந்து பத்து நாள், தெர்மாமீட்டரும் பென்சிலினுமாகக் காலையும் மாலையும் அந்தப் பட்டியில்தான் இருந்தேன். ஐந்தாம் நாள் ஒரு குட்டிக்குக் காது துடித்தது. எனக்கு உயிரே போயிற்று. உடனே ஊசி போட்டேன், மறுநாள் அது தொட்டியில் மற்றவற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மற்ற பத்துக்கும் எதுவும் இல்லை. சவரிமுத்து பதினொன்றையும் இரண்டு முறை எண்ணிவிட்டு, லாரி ஆபீஸுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை அடுப்பில் போட்டார்.

ஒரு பட்டியில் பார்த்ததை வைத்து இதுதான் விஞ்ஞானம் என்று நான் சொல்ல மாட்டேன். நோயைத் தாங்கும் சக்தி ஒரே ஒரு ஜீனில் இல்லை, பலவற்றில் சிதறிக் கிடக்கிறது. வெளி ரத்தம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஆனால் ஊரில் இருக்கும் கெடாவையெல்லாம் அறுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றின் மகள்களை அதற்கே கட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

ரிஜிஸ்டரில் லில்லியின் வரியில் 'ராஜா' என்பதை அடித்து, 'கருப்பன், நாட்டு இனம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது எளிது. கஷ்டமான வேலை ஜனவரியில் வந்தது.

அந்தோணியார் திருநாளில் மந்திரிக்கும் வரிசையில் அந்தோணிசாமி கருப்பனோடு நின்றிருந்தார். காயடித்த பன்றிக்கே உரிய கொழுப்பு வைத்து, சாதுவாக நின்றது அது. நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். முகாமில் நான் அடித்த கிண்டலைச் சொன்னேன். நேர்ந்துவிட்ட கெடா என்று தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். மெடலைப் பார்த்தும், உங்கள் கண்ணைப் பார்த்தும் அது தெரியாமல் போயிற்று என்றேன்.

அவர் கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க" என்றார்.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். எந்த மிருகத்தின் மேலும் கத்தி வைப்பதற்கு முன்னால் பையை மூடி, கீழே வைத்துவிட்டு, ஓட்டி வந்தவரிடம் முதலில் பேசினேன்.